ஒண்ணும் செய்யாத டப்பா

லஸ் முனையைத் தாண்டி மந்தைவெளிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, பல் தேய்க்கிற பிரஷ், என் சொந்த சால்டரிங் அயர்ன். பேண்ட் பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு ஒரு டப்பா. ஆழ்வார்பேட்டை கம்பெனியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது அது ஒன்றுதான். சாவி, அடையாள அட்டை, அவர்கள் கொடுத்த பனியன் எல்லாவற்றையும் பார்ட்னர் மேஜைமேல் வைத்துவிட்டேன். பனியனைத் துவைத்து மடித்துத்தான் வைத்தேன்.

மாலை ஆறு மணி இருக்கும். மெட்ரோவுக்குத் தோண்டியதில் பாதி ரோடுதான் மிச்சம். பஸ், ஆட்டோ, பூக்கூடைக்காரம்மா, நான், எல்லாரும் அந்தப் பாதியிலேயே போனோம். போனை அணைத்திருந்தேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. தேனாம்பேட்டையில் பிறந்தவன். எட்டாவது படிக்கும்போது எங்கள் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் வர இரண்டு பஸ் மாற வேண்டும். பத்து நாள் வந்தேன். பதினோராவது நாள் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கடைசி ஸ்டாப் வரை போய் ஒரு பரோட்டாக் கடையில் சேர்ந்துவிட்டேன். அப்புறம் திருப்பூர், ஓசூர், ஒரு வருடம் லாரி, கடைசியாக தி.நகரில் மொபைல் ரிப்பேர் கடை. எதையும் கோபித்துக்கொண்டு விட்டதில்லை. அலுத்தால் கிளம்புவேன். கோபமாகக் கிளம்பியது அன்றைக்குத்தான். அந்தக் கோபம் ஓர் அம்மாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லிக்கொடுத்தார் என்று எழுத மாட்டேன். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார். அவருடைய பெரிய குணமும் அதுதான், பெரிய தொல்லையும் அதுதான்.

அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் எறிந்ததைத்தான் பார்த்தேன். மொபைல் கடையை மூடிவிட்டார்கள், ஆழ்வார்பேட்டை சந்துகளில் வேலை கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியிலிருந்து ஏதோ விழுந்து, என் காலுக்கு முன்னால் ஒரு முறை துள்ளி, சாக்கடை ஓரம் போய் நின்றது. பாதித் தேங்காய் அளவு. மேலே கறுப்பு ரப்பர்.

"அண்ணாச்சி! கத்துதா?" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

"இன்னாது?"

"அது கத்துதான்னு கேக்கேன்!"

காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை. குலுக்கினால் உள்ளே ஏதோ ஆடியது. என் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். நடைபாதையிலேயே உட்கார்ந்து திறந்தேன். பேட்டரிக்குப் போகிற ஒயர் பிய்ந்திருந்தது. அதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். காலில் ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூ.

"சால்டர் புட்டுக்கிச்சு மேடம். மூணு மாடில இருந்து போட்டா இன்னா ஆவும்?"

"பிள்ளைங்க போட மாட்டாங்களா?"

"மூணு மாடில இருந்தா?"

"நாலு மாடி இருந்தா நாலுல இருந்து போடுவாங்க. இந்த வீட்டுக்கு மூணுதான் இருக்கு" என்றார்.

அன்று மதியமே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கே படித்தாய், எங்கே வேலை செய்தாய், எதுவும் கேட்கவில்லை. மாடியில் சாமான் போடுகிற அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். ஆள் பார்க்காமல் எல்லாரையும் அண்ணாச்சி என்பார். அவரைவிடப் பத்து வயது சின்னவனான நானும் அண்ணாச்சிதான், பணம் போடுவதற்காகக் காரில் வந்து இறங்குகிற பெரிய மனிதரும் அண்ணாச்சிதான்.

டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு விளக்கு, கத்துவதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர், அதிர்வதற்கு ஒரு மோட்டார், மற்ற டப்பாக்களோடு பேச ஒரு ரேடியோ. மேலே இரண்டு வரிசைத் துளை. மேல் துளையில் 'எப்போது' என்கிற முளையைச் செருக வேண்டும், கீழ்த் துளையில் 'என்ன' என்கிற முளையை. முளைகள் கலர் கலராக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு படம். 'தூக்கிப் போட்டால்' முளையை மேலேயும் 'கத்து' முளையைக் கீழேயும் செருகினால், தூக்கிப் போடும்போது கத்தும். 'இன்னொரு டப்பா பக்கத்தில் வந்தால்', 'அதிர்'. 'இருட்டினால்', 'மற்ற டப்பாக்களுக்குச் சொல்'. செல்போன் வேண்டாம், திரை கிடையாது. கம்ப்யூட்டர்காரர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவதைப் பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்து முளை செருகிச் செய்வார்கள். யாராவது ஓட வேண்டும், ஒளிய வேண்டும், எறிய வேண்டும். இல்லாவிட்டால் டப்பா சும்மா கிடக்கும்.

கம்பெனிக்கு வருகிற எல்லாரும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது" என்பார்.

வந்தவர் சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார்.

"இல்ல மேடம், யூஸ் என்னன்னு..."

"இது ஒண்ணும் செய்யாதுங்க. வச்சிருக்கவங்கதான் செய்யணும்."

ஒரு பள்ளிக்கூடம் இருநூறு டப்பா கேட்டது. கூடவே ஒரு புத்தகமும் வேண்டும் என்றது. என்னென்ன விளையாட்டு, எப்படி ஆடுவது, யாருக்கு எத்தனை பாயிண்ட், எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர் புத்தகம் அச்சடித்து அனுப்பினார். நாற்பது பக்கம், நல்ல காகிதம், எல்லாம் வெறும் வெள்ளை. முதல் பக்கத்தில் மட்டும் பெயர் எழுத ஒரு கோடு. ஆர்டர் கைநழுவிப் போய்விட்டது. கம்பெனியில் பாதிப் பங்கு வைத்திருந்த பார்ட்னர் அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. பார்ட்னர் கெட்டவர் இல்லை. அவரும் இஞ்சினியர்தான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவருடைய கஷ்டம் எல்லாம், எதைக் கேட்டாலும் முடியாது என்கிற ஒருவரோடு சேர்ந்து கம்பெனி நடத்துவதுதான்.

டப்பாவைச் சோதித்துப் பார்க்க மந்தைவெளியில் ஓர் அபார்ட்மெண்டில் இடம் கிடைத்தது. நாற்பது வீடு. இரண்டு கட்டடத்துக்கு நடுவே நல்ல வெட்டவெளி. சுவரில் 'பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே 'சைக்கிள் ஓட்டக் கூடாது'. மூன்றாவது பலகையில் எழுத்து அழிந்திருந்தது, அதுவும் ஏதோ கூடாதுதான். அங்கே செக்ரட்டரியாக இருந்தவர் பேங்க்கிலிருந்து ரிட்டயரானவர். வெள்ளை ஸ்கூட்டர் வைத்திருந்தார். சனிக்கிழமை மாலைகளில் வரலாம் என்று பார்ட்னரிடம் அனுமதி கொடுத்திருந்தார்.

முதல் சனிக்கிழமை ஆறு பிள்ளைகள் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஓர் இஸ்திரி வண்டி. இஸ்திரிக்காரர் மகள் பவித்ராவும் அந்தத் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பவித்ராவுக்கு ஒன்பது வயது. அந்த அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"வெளிப் பசங்க வேண்டாம் மேடம். அசோசியேஷன் ரூல்" என்றார் செக்ரட்டரி.

"பத்து டப்பா கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. பத்து பிள்ளைங்க வேணும்."

"நம்ம ஃப்ளாட்லயே இன்னும் நாலு பசங்க இருக்காளே."

"கூப்பிடுங்க. எங்க இருக்காங்க?"

செக்ரட்டரி மேலே பால்கனிகளைப் பார்த்தார். நாலு பேரும் ட்யூஷனுக்குப் போயிருந்தார்கள். பவித்ரா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

மூன்றாவது வாரமே அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். அவர்கள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்ணைக் கட்டியவன் கையில் ஒரு டப்பா. ஒளிந்திருப்பவர்களின் டப்பா பக்கத்தில் வந்தால் அது அதிரும். பவித்ரா தன் டப்பாவை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு உட்கார்ந்தாள். அவன் நாலடி தூரத்தில் கடந்து போனான். டப்பா அசையவில்லை. உடம்பு முழுக்கத் தண்ணீர், அந்த ரேடியோ தண்ணீரைத் தாண்டாது என்று அந்த அம்மா பிறகு சொன்னார். அடுத்த வாரம் பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள்.

"ஆன்டெனாவ மாத்தினா சரியாயிடும் மேடம்" என்றார் கம்பெனியில் இருந்த சின்ன இஞ்சினியர்.

"எது சரியாயிரும்?"

"இந்த ஃபால்ட்."

"அது ஃபால்ட் இல்ல தம்பி. ஒளியுற எடம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவரை மட்டும்தான் தம்பி என்பார். கோபத்தில்.

எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அந்த ஃப்ளாட்டில் ஆதி என்று ஏழு வயதுப் பையன் ஒருவன். ஒரு நாள் அவன் டப்பா கத்தவில்லை. முளையைத் தலைகீழாகச் செருகியிருந்தான். அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போய் முளையைத் திருப்பிச் செருகிக் கொடுத்தேன். டப்பா கத்தியது, பையன் சிரித்துக்கொண்டே ஓடினான். அந்த அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள், "அவன் கையில இருந்தத ஏன் பிடுங்குனீங்க?" என்றார்.

"பய அழுதுகினு இருந்தான் மேடம்."

"அழட்டும். அதுவும் அவனுதுதான?"

எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் பிடிக்கவில்லை. அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் கடலை தின்ன முடியாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஆதி டப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் கொண்டுவந்து, "அங்கிள், செஞ்சு குடுங்க" என்று நீட்டினான். அந்த அம்மா தூரத்திலிருந்து பார்த்தார்.

டப்பாக்களை வாரம் முழுக்கப் பிள்ளைகளிடமே விட்டு வைப்பார். தொலைந்தால் தொலையட்டும் என்பார். அப்படி இருக்கும்போது ஒரு நாள் செக்ரட்டரியே ஆழ்வார்பேட்டைக்கு வந்தார். கையில் ஒரு டப்பா. கறுப்பு டேப் சுற்றி, கிரீஸ் படிந்திருந்தது.

"என்ன மேடம் இது? என் வண்டிக்கு அடியில ஒட்டிண்டிருந்தது. சர்வீஸ் பண்றவன் பயந்தே போயிட்டான்."

"அது ஒண்ணும் செய்யாதே அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா.

அது செய்திருந்தது. பிள்ளைகள்தான் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தால் மற்ற ஒன்பது டப்பாவும் அதிரும். உடனே பந்து பாக்கெட்டுக்குள் போகும், பேட் இஸ்திரி வண்டிக்கு அடியில் போகும், பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று வாரமாக இது நடந்திருக்கிறது. 'நம்ம பசங்க இப்பல்லாம் ரொம்ப அடங்கிட்டா' என்று செக்ரட்டரி மீட்டிங்கில் வேறு பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் முதுகு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பார்ட்னர் சிரிக்கவில்லை. கிரீஸ் டப்பாவை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"சார், உங்க ஸ்கூட்டர் வர்றத இது பசங்களுக்குக் காட்டிக் குடுத்துச்சுன்னா, பசங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்கும் காட்டிக் குடுக்கும் இல்ல?"

சண்டைக்கு வந்த செக்ரட்டரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படியா? எப்படி?" என்றார்.

அந்த அம்மா தலையைத் தூக்கினார். சிரிப்பு நின்றிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சண்டைதான். பார்ட்னர் பேசியதிலும் நியாயம் இருந்தது. "இன்னைக்கு எந்த அம்மா புள்ளைய வெளிய விடறாங்க சொல்லுங்க. மேப்ல புள்ள தெரிஞ்சா தைரியமா விடுவாங்க. நீங்க கேக்கற அவுட்டோர் ப்ளே அப்பதான் நடக்கும்."

"பாத்துக்கிட்டே இருந்தா அது வெளிய இல்ல."

"சேஃப்டிங்க! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"முடியாது."

"ஏன்னாவது சொல்லுங்களேன்."

ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் ஒரு நாள் கீழே டீக்கடையில் சொன்னார். அதையும் காரணம் என்று சொல்லவில்லை, கதை மாதிரிச் சொன்னார்.

"தீபாவளிக்கு எங்க கடைல காலு வைக்க எடமிருக்காது அண்ணாச்சி. கூட்டத்துல நான் காணாமப் போயிருவேன்னு எங்கப்பா ஜாக்கெட் துணில நீளமா ஒரு துண்டக் கிழிப்பாரு. என் இடுப்புல ஒரு முடிச்சு, கல்லா மேஜைக் காலுல ஒரு முடிச்சு. பாசத்துலதான். நல்ல துணியாப் பாத்துத்தான் கிழிப்பாரு."

"அவுத்துகினு ஓட வேண்டியதுதான?"

"ஓடுனேன். எட்டு வயசுல. எங்கன்னு நெனைக்கீங்க? எதிர்த்த கடைக்குத்தான். அங்க ஒரு பொம்மைக்குப் பின்னால நின்னுக்கிட்டு எங்கப்பா தேடுறதப் பாத்தேன். அவருக்குத் தெரியாத எடத்துல நிக்கேன்னு அவ்வளவு சந்தோசம் எனக்கு." கிளாஸில் மீதியிருந்த டீயைக் கீழே ஊற்றினார். "பாவம் மனுசன். அன்னைக்கு அழுதுட்டாரு."

ஒரு வெள்ளிக்கிழமை, அந்த அம்மா ரப்பர் அச்சு வேலைக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தபோது, பார்ட்னர் என்னைக் கூப்பிட்டார். ஆறு சின்ன வெள்ளைப் பெட்டி கொடுத்தார். மந்தைவெளியில் ஆறு தூணில் மாட்டச் சொன்னார். சிக்னல் நன்றாகக் கிடைப்பதற்கு என்றார். அதற்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளிடமிருந்து டப்பாக்களையும் வாங்கித் திறந்து ஏதோ புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னார், மாட்டினேன். பெட்டிக்கு இரண்டு திருகாணி.

மறுநாள் சனிக்கிழமை போர்ட்டிகோவில் ஒரு பெரிய டிவி. அப்பா அம்மாக்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் போண்டா, காபி. டிவியில் அபார்ட்மெண்டின் வரைபடம். அதில் பத்துப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஃப்ளாட் பிள்ளைகளின் புள்ளிக்குப் பக்கத்தில் பெயரும் வீட்டு நம்பரும். தெருப் பிள்ளைகளுக்கு வெளி ஒன்று, வெளி இரண்டு, வெளி மூன்று, வெளி நாலு. எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த அம்மா ஸ்டேஷனிலிருந்து நேராக, பையோடு வந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று டிவியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

பவித்ரா தண்ணீர் குடிக்க ஓடி வந்தாள். டிவியைப் பார்த்துவிட்டு நின்றாள். இடது பக்கம் ஓரடி வைத்தாள். வலது பக்கம் ஓரடி வைத்தாள்.

"டேய், வெளி ரெண்டு நான்தான்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் நாற்காலிகளை ஒரு முறை பார்த்தாள், திரும்பவும் டிவியைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்காமலேயே ஓடிவிட்டாள்.

முதலில் வெளி இரண்டு அணைந்தது. அடுத்து வெளி நாலு. அப்புறம் பெயர் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றாக. கடைசியில் டிவியில் வெறும் கட்டடம்தான் நின்றது.

ஆதியின் அம்மா எழுந்துவிட்டார். "ஆதி எங்க? ஆதியக் காணோமே!" டிவியைப் பார்த்துத்தான் கத்தினார். ஒருவர் ரிமோட்டைத் தட்டினார். செக்ரட்டரி, "கேட்டச் சாத்து! கேட்டச் சாத்து!" என்றார். பத்துப் பிள்ளைகளும் இருபதடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் டப்பாவை வயிற்றோடு அணைத்து, வயிற்றுவலிக்காரர்கள் மாதிரி முன்னால் வளைந்து. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா, இங்கதாம்மா இருக்கேன்!" என்று ஆதி கத்திய பிறகுதான் திரும்பினார்கள்.

பார்ட்னர் முகம் வெளுத்துவிட்டது. நேராக அந்த அம்மாவிடம் வந்தார்.

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் யாருக்கு எதச் சொல்லிக் குடுத்திருக்கேன்? மூணு மாசமா இப்படித்தான் வெளாடுதாங்க. ஒரு நாளு வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கம்பெனில நாலு பெரியவங்க டப்பாவக் கையில ஏந்திக்கிட்டு மொட்டை மாடில நடந்து பாத்திருப்பீங்க."

அப்படித்தான் பார்த்திருந்தார்கள். நடந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

அந்த அம்மா என்னிடம் கையை நீட்டினார். "ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க அண்ணாச்சி."

அது என் பாக்கெட்டில் இருந்தது. பார்ட்னர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடி அறை ஞாபகம் வந்தது. என் கை அசையவில்லை. அந்த அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "சரி" என்றார். பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். நாணயத்தின் விளிம்பை வைத்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். பன்னிரண்டு திருகாணி. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு இடத்தில் விரல் கிழிந்தது. போண்டா தின்கிற சத்தம்கூட இல்லை. ஆறு பெட்டியையும் பார்ட்னர் கையில் அடுக்கினார்.

"என் பேர எடுத்துருங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பிள்ளைகள் கேட் வரை ஓடினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை.

நான் கம்பெனியில் இருந்தேன். பார்ட்னர் ஒரு பெல்ட் வடிவமைத்தார். டப்பாவைத் தோளுக்குக் கீழே, கையின் வெளிப்பக்கம் கட்டுகிற பெல்ட். அங்கே கட்டினால் வயிற்றில் மறைக்க முடியாது. கழற்ற முடியாதபடி ஒரு பூட்டு, சாவி அம்மா அப்பாவிடம் இருக்கும். ஒரு மாதம் அந்தப் பூட்டுகளுக்கு ரிவெட் அடித்தேன். நன்றாகத்தான் அடித்தேன், ஒன்றுகூட ஆடவில்லை.

நான் பையோடு கிளம்பிய அந்த நாள் ஒரு சனிக்கிழமை. அன்று மதியம் பெல்ட்டை மந்தைவெளிக்குக் கொண்டுபோனோம். முதலில் பவித்ராவுக்குப் போடச் சொன்னார் பார்ட்னர். "இவ கழட்டலைன்னா யாராலயும் கழட்ட முடியாது." இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நாற்பது வீட்டுத் துணியும் அவர் வண்டியில்தான் இருந்தது. பவித்ரா கையை நீட்டினாள்.

"அண்ணா, இது இன்னா செய்யும்?"

ஒண்ணும் செய்யாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. என் கையால் ரிவெட் அடித்த பூட்டு. அது என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"பூட்டிக்கும்" என்றேன்.

"அப்பால?"

"அவ்ளோதான்."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பெல்ட்டை பார்ட்னர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே மாட்டுங்க சார்."

"என்னய்யா விளையாடறே? மாட்டு."

"நான் மாட்ட மாட்டேன்."

பார்ட்னர் பெல்ட்டை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பிள்ளை முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். அவராலும் மாட்ட முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கேட்டபோது நகராத கை, ஒரு மாதம் கழித்து நகர்ந்தது. தாமதம்தான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்து ஆழ்வார்பேட்டைக்கு நடந்தேன். பனியனைத் துவைத்துக் காயவைத்து, மடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்படித்தான் லஸ் முனையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மந்தைவெளி ஸ்டேஷன் படிக்கட்டு ஓரத்தில் படுத்தேன். கொசு அதிகம். மற்றபடி தூங்கினேன்.

அந்தப் பெல்ட்டை வேறு ஏதோ ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வாங்கியது என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஜெயித்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் எழுந்து நேராக அபார்ட்மெண்டுக்குப் போனேன். 'வாட்ச்மேன் தேவை' என்று கேட்டில் இரண்டு வாரமாக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். செக்ரட்டரி பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ அந்தக் கம்பெனி ஆள் இல்லையோ?"

"வுட்டுட்டேன் சார்."

"நேத்தே மீட்டிங் போட்டோம். கொழந்தை கையில பூட்டு போட்டா நன்னாவா இருக்கும்னு லேடீஸ் எல்லாம் சொல்லிட்டா. டிவியும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். அதுக்கு ஒரு ஆள் போட்டா போறும்." உள்ளே போய் ஒரு நீலச் சட்டையும் விசிலும் எடுத்து வந்தார். "பசங்க மேல கண்ணு இருக்கணும். பந்த எடுத்தா விசில் அடி. புரியறதா?"

"புரியுது சார்."

"வெளிப் பசங்க உள்ள வரப்படாது."

"சரி சார்."

அவர் ஸ்கூட்டரில் காய்கறி வாங்கக் கிளம்பினார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கேட் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பவித்ரா இஸ்திரி போட்ட துணி மூட்டையை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தாள். பாக்கெட்டிலிருந்த டப்பாவை அவளிடம் நீட்டினேன். குலுக்கிப் பார்த்தாள். முளையை மாற்றிச் செருகிப் பார்த்தாள்.

"செத்துட்சு. சார்ஜ் இல்ல."

"தெரியும்."

"நீ இப்ப வாட்ச்மேனா?"

"ஆமா."

"இன்னா செய்வே?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சட்டை, ஸ்டூல், கழுத்தில் கயிற்றில் தொங்கிய விசில். புது டப்பாவைக் கையில் வாங்கியதும் எங்கே துளை இருக்கிறது என்று பார்ப்பார்களே, அப்படி.

"ஸ்கூட்டர் வந்தா?" என்றாள்.

விசிலை வாயில் வைத்து ஒரு முறை ஊதிக் காட்டினேன்.

"ம்" என்றாள். திரும்பிப் போய், இஸ்திரி வண்டிக்கு அடியில் குனிந்து பேட்டை எடுத்தாள்.